சைடு கொடுத்தவன்

1

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில் சாப்பாட்டு மேசை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் லுங்கியோடு உட்கார்ந்தபடியே, பெற்ற மகளின் காரைச் சுவரில் மோத வைத்தேன். கோபத்தில் இல்லை, தூக்கக் கலக்கத்தில் இல்லை. மரியாதையில். அவள் பின்னால் வேகமாக வருகிறாளே, வழி விடுவோம் என்று சைடு கொடுத்தேன்.

பதற வேண்டாம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கம்ப்யூட்டரில் ஓடுகிற கார். நான் திருவனந்தபுரத்தில் கரமனையில் இருந்து ஓட்டினேன், அவள் அதே ஊரில் கழக்கூட்டத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்து ஓட்டினாள். மோதியது மட்டும் ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிற ஒரு ரேஸ் தடத்தில்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை இரண்டு நாள் கழித்து ஒரு ஃபாரத்தில் செய்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு அடைக்கும் போலிருக்கிறது.

2

என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொன்னால் துபாய்க்காரர்கள் சிரிப்பார்கள். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் மாறி, களியக்காவிளை தாண்டினால் வந்துவிட்டது என் வெளிநாடு. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. இந்த வருஷத்தோடு வந்து இருபத்தைந்து வருஷம்.

என்னை இங்கே கொண்டுவந்து விட்டது பெரியண்ணன். தெரிந்த ஒர்க்ஷாப்பில் சேர்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பி பஸ் ஏறிவிட்டான். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான், பாபநாசம் மலைப் பாதையில், ஒரு பழைய ஜீப்பில். கியர் மாற்றுவதற்கு முன்னாலேயே அவன் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. "பின்னால பெரிய வண்டி வந்தா இடப்பக்கமா ஒதுங்கி சைடு குடுத்துரணும்லே முத்து. அதான் டிரைவருக்கு அழகு." பின்னால் எந்த வண்டியும் வராத நாளில்கூட நான் ஒதுங்கிப் பழகினேன்.

அந்தப் பாடம் இங்கே ரொம்ப உதவியது. தமிழ்நாட்டு லைசென்ஸை இங்கே மாற்றப் போனபோது, திருநெல்வேலி ஆபீஸில் இருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதம் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தேன். தேதி தாண்டிவிட்டது, வேறு வாங்கி வா என்றார்கள். அதையும் வாங்கி வந்தேன். நான் தமிழில் போட்ட கையெழுத்தைப் பார்த்து, கவுண்டரில் இருந்தவர், "இது எந்தா அண்ணாச்சி, படம் வரைஞ்சிருக்கா?" என்றார். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன். சிரிப்பிலும் சைடு கொடுப்பதுதான் என் வழக்கம்.

அண்ணாச்சி என்று அவர் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் அந்த வார்த்தையைச் சம்பாதிக்க வயசும் நாலு பேர் மதிப்பும் வேண்டும். இங்கே தமிழ் பேசினால் போதும், முதல் நாளே கிடைத்துவிடும்.

ஒரு தடவை கிள்ளிப்பாலம் சிக்னலில் ஒரு கார் என் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டது. தப்பு முழுக்க அந்தக் காருடையது. கூட்டம் கூடியது. "பராதி கொடுக்கணுமா சேட்டா?" என்று ஒருவர் கேட்டார். புகாருக்கு இங்கே பராதி என்று பெயர். வாயைத் திறந்தால் தமிழன் என்று தெரிந்துவிடும், எதற்கு வம்பு என்று, "பராதி ஒண்ணும் இல்ல, பரவாயில்ல" என்று கையைக் கூப்பிவிட்டு வந்தேன். மழைக்காலத்தில் அந்த முட்டி இன்றைக்கும் என்னிடம் பராதி சொல்கிறது. இருபத்தைந்து வருஷத்தில் நானே நடமாடுகிற ஒரு ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் ஆகிவிட்டேன்.

3

மகள் பெயர் ஆதிரா. இருபத்து மூன்று வயது. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், "டெய்லி இந்த டிராபிக்ல போயி வர பற்றூல்ல, முடியலப்பா" என்று தோழிகளோடு அங்கேயே ஃபிளாட் எடுத்துப் போய்விட்டாள். டிராபிக் உண்மைதான். ஆனால் டிராபிக் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அவள் வருவதில்லை. பதினைந்து கிலோமீட்டர். மாசத்துக்கு ஒரு தடவை.

போனில் எங்கள் பேச்சு இப்படி இருக்கும்.

"சாப்ட்டியாம்மா?"

"கழிச்சு."

"என்ன கறி?"

"எந்தெங்கிலும்."

"சரி, அம்மாட்ட குடுக்கேன்."

கழிச்சு என்றால் சாப்பிட்டாயிற்று, எந்தெங்கிலும் என்றால் ஏதோ ஒன்று. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். என் தமிழில் அவள் பாதி வழி வருவாள், அவள் மலையாளத்தில் நான் பாதி வழி போவேன், நடுவில் செல்வி போனை வாங்கிக்கொள்வாள். செல்வி என் மனைவி. பத்து நிமிஷம் பேசுவாள். எனக்குத்தான் பேச ஒன்றும் கிடைக்காது.

வீட்டை விட்டுப் போனபோது ஆதிரா தன் பழைய கம்ப்யூட்டரையும், மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கிற ஒரு ஸ்டீயரிங்கையும், கீழே மூன்று பெடலையும் விட்டுப் போனாள். அவள் புதிது வாங்கிவிட்டாளாம். கல்லூரி நாளில் இருந்தே இந்த ரேஸில் அவளுக்குப் பைத்தியம்.

"இத என்ன செய்யட்டும்?" என்றேன்.

"விக்க வேண்டா. நிங்ஙள் ஓட்டிப் பாருங்க. ஆசான் அல்லே?"

டிரைவிங் சொல்லிக் கொடுப்பவனை இங்கே ஆசான் என்பார்கள். மகள் வாயால் அந்தப் பட்டம் கேட்ட குஷியில் உட்கார்ந்துவிட்டேன். வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடி பார்த்தேன். இண்டிகேட்டர் தேடினேன், இல்லை. ஹாரன் தேடினேன், அதுவும் இல்லை. முதல் வளைவிலேயே புல்லில் போய் நின்றேன். ஆதிரா போனில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வருஷக்கணக்காகி இருந்தது. அதற்காகவே மறுநாளும் புல்லில் போய் நின்றேன்.

ஒரு மாதத்தில் அவளுடைய ஞாயிறு லீக்கில் என்னையும் சேர்த்துவிட்டாள். இருபது பேர். ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் கண்டக்டர், பேங்க் ஆட்கள், படிக்கிற பையன்கள். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேஸ். சேர்க்கும் முன்னால் எனக்கு ஒரு மணி நேரம் மரியாதைப் பாடம் எடுத்தாள்.

"அப்பா, சிரத்திச்சுக் கேளுங்க. மொத வளைவுல ரேஸ ஜெயிக்க முடியாது, தோக்க மட்டும்தான் முடியும். அதுகொண்டு அங்க மெதுவா. பக்கத்துல ஒருத்தன் வந்தாச்சுன்னா அவனுக்கு ஒரு கார் போற எடம் விடணும். நீங்க ஒருத்தனை இடிச்சு முன்னால போயிட்டா, நின்னு, அவன் எடத்தை அவனுக்குத் திரும்பக் குடுக்கணும். உங்க கார் சுழண்டு நின்னுட்டா பிரேக்கை அமுக்கிட்டு அசையாம நிக்கணும். மத்தவங்க பாத்து விலகிப் போய்க்குவாங்க."

"நல்ல ஊரா இருக்கே! நம்ம ரோட்டுல ஒருத்தன் இப்படி ஓட்டுவானா?"

"இன்னொண்ணு, முக்கியம். உங்களுக்கு நீலக் கொடி காட்டுவாங்க. ஒரு ரவுண்டு கூடுதல் ஓடினவங்க பின்னால வர்றாங்கன்னு அர்த்தம். அப்ப பதற வேண்டா. உங்க லைன்ல நேரா போயிட்டே இருங்க. பிரேக் பிடிக்கிற எடத்துல அங்ஙோட்டும் இங்ஙோட்டும் மாறவே கூடாது. கடந்து போறது அவங்க ஜோலி. நீங்க எங்க போவீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா மதி."

மதி என்றால் போதும் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் தலையாட்டினார்கள். தலையாட்டுகிறவனுக்கு ஒன்றும் ஏறவில்லை என்பது தெரிந்தும் ஆட்டினேன்.

4

ரேஸில் என் நிலைமை விசித்திரமானது. எனக்குப் பின்னால் யாரும் கிடையாது. அதனால் என் கண்ணாடியில் ஒரு கார் தெரிந்தால், அது என்னை விட ஒரு சுற்று முன்னால் இருக்கிற கார் என்று அர்த்தம். இரண்டு மாதம் வாராவாரம் நீலக் கொடி பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கை தானாக இடப்பக்கம் போகும். ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் என்னைத் தாண்டும்போது ரொம்பத் தள்ளி, சுற்றி வளைத்துப் போனார்கள். வயசுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, கடைசி ரேஸுக்கு முந்தின ரேஸ். பட்டத்துக்குப் போட்டி இரண்டு பேருக்கு நடுவில். ஒன்று ஆதிரா, இன்னொன்று கொல்லத்துக்காரன் ஜிதின். மூன்று சுற்று பாக்கி. ஆதிரா முதலில் போய்க்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வளைவு, நீண்ட நேர்சாலை முடிந்து இடப்பக்கம் திரும்புகிற வளைவு. இடப்பக்க வளைவுக்கு வலப்பக்க ஓரத்தில் இருந்து நுழைய வேண்டும். நானும் ஒழுங்காக வலப்பக்கம்தான் வந்துகொண்டிருந்தேன். நீலக் கொடி காட்டினார்கள். கண்ணாடியில் அவள் கார். நான் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து, உள்ளே இடப்பக்கமாகப் போவதென்று அவள் முடிவெடுத்துவிட்டாள்.

நான் பிரேக் பிடித்தேன். பிடித்துக்கொண்டே, பாபநாசம் மலையில் ஒதுங்குகிற மாதிரி, இடப்பக்கம் சைடு கொடுத்தேன். அவள் மேலேயே கொடுத்தேன்.

அவள் கார் புல்லில் ஏறிச் சுவரை நோக்கிப் போனது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த நேரம் என் கால் பெடலை விட்டு நகர்ந்து வெறுந்தரையை ஓங்கி மிதித்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் எனக்கென்று ஒரு தனி பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினால் பக்கத்து சீட்டில் இருந்து நான் மிதித்து நிறுத்துவேன். அந்த பிரேக்கைத்தான் என் கால் தேடியிருக்கிறது. தரையில் கால் விழுந்த சத்தம் கேட்டு, "என்ன உடைஞ்சுது?" என்று செல்வி அடுக்களையில் இருந்து ஓடி வந்தாள்.

"ஒண்ணும் இல்ல. ஆதிரா."

"ஆதிராவுக்கு என்னங்க?"

"இடிச்சுட்டா," என்றேன். இடித்துவிட்டாள் என்று. நான் சொன்ன முதல் வார்த்தையைப் பாருங்கள்.

எல்லாருக்கும் கேட்கிற மைக்கில் ஆதிரா ஒன்றும் சொல்லவில்லை. ரேஸ் நடக்கும்போது சண்டை போடக் கூடாது என்பது லீக்கின் மரியாதை. முன்பக்கம் நொறுங்கிய காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாள். ஜிதின் ஜெயித்தான்.

5

இந்த விளையாட்டில் கோர்ட்டு உண்டு. மூன்று பேர் நடுவர்கள். தலைவர் அந்தப் பல் டாக்டர், ஷிபு. மோதலுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் புகார் சொல்லக் கூடாது, கோபம் ஆற வேண்டும். அதன்பிறகு இரண்டு தரப்புக்கும் ஃபாரம் வரும். எத்தனாவது சுற்று, எந்த வளைவு, என்ன நடந்தது, யார் தவறு.

செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் டெஸ்ட் கிரவுண்டில் வரிசையில் காத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஃபாரம் வந்தது. அன்றைக்கு என்னிடம் படித்த ஒரு அம்மா, எச் வடிவத்தில் பின்னால் எடுக்கும்போது கம்பியைத் தட்டிவிட்டு வந்து, "வண்டி தானே போயிட்டு ஆசானே" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "வண்டி தானா போகாது அம்மா, நீங்க திருப்பினாத்தான் போகும்" என்று சொல்லிவிட்டு, அதே கையோடு போனை எடுத்து ஃபாரத்தில் எழுதினேன்.

என்ன நடந்தது? கார்கள் தட்டிக்கொண்டன. யார் தவறு? யார் மேலும் பராதி இல்லை.

எழுதி அனுப்பிவிட்டு எனக்கே என் மேல் ஒரு மதிப்பு. பெருந்தன்மையாக நடந்துகொண்டோம், மகளைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று டீ வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. தாண்டுகிறவர்தான் பத்திரமாகத் தாண்ட வேண்டும் என்பது விதி. முன்னால் போன கார் மாறியதாக அதன் டிரைவர் சொல்லவில்லை. ஆகவே தவறு ஆதிராவுடையது. கடைசி ரேஸில் அவள் எல்லாருக்கும் பின்னால் இருந்து கிளம்ப வேண்டும்.

6

அன்று மத்தியானம் ஆதிரா கூப்பிட்டாள். வாரநாளில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, ஃபாரத்துல என்ன எழுதினீங்க?"

"நான் உன் மேல ஒரு பராதியும் சொல்லலம்மா. தெளிவா எழுதிட்டேன்."

"என் மேல பராதி இல்லன்னு எழுதினீங்களா?"

"ஆமா."

"அப்ப என்னை மன்னிச்சாச்சு."

"அட, மன்னிப்பு எதுக்கு, அப்பாக்கும் மகளுக்கும் நடுவுல..."

"நீங்க திருப்பினதுக்கு என்னை மன்னிக்கறீங்க. அல்லே?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

"இடிச்சதுக்கு இல்லப்பா. அது ரேஸ்ல நடக்கும். கோயம்புத்தூர்லயும் நீங்க இதுதான் செஞ்சீங்க," என்றாள். வைத்துவிட்டாள்.

கோயம்புத்தூர் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஐந்து வருஷம் முன்னால் ஆதிராவுக்கு அங்கே ஒரு காலேஜில் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் கிடைத்தது. அவளே விண்ணப்பம் போட்டு, அவளே வாங்கிய இடம். பெட்டிகூடக் கட்டிவிட்டாள். போவதற்கு நாலு நாள் முன்பு பெரியண்ணன் அம்பாசமுத்திரத்தில் இருந்து வந்தான். இந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"ஏலே முத்து, பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குலே கார் இன்ஜின் படிப்பு? நாளைக்கு ஸ்பேனர் புடிக்கவா? இங்கனயே எதாவது கம்ப்யூட்டர்ல சேத்து விடு."

ஆதிரா என்னைப் பார்த்தாள். செல்வியும் பார்த்தாள். பின்னால் பெரிய வண்டி ஹாரன் அடித்தது. நான் ஒதுங்கினேன்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஊரில் கேட்டவர்களிடம், டிரைவிங் ஸ்கூலில் கேட்டவர்களிடம், எல்லாரிடமும் ஒரே பதில் வைத்திருந்தேன். "அவளுக்கே இஷ்டம் இல்ல. வேண்டாம்னுட்டா. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல." ஒரு தடவை நான் அப்படிச் சொல்லும்போது அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு உள்ளே போனவள்தான். கழக்கூட்டத்துக்குப் போனது வெறும் பெட்டி தூக்குகிற வேலை.

7

ஷிபு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் என்னிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு பாஷை பேசுவார்.

"அண்ணாச்சி, ஒரு பேஷன்ட் வாய் தொறந்து இருக்கான். ரெண்டு மினிட்டுல சொல்லுங்க."

"டாக்டரே, அந்தத் தீர்ப்பு..."

"ஆங், நானே விளிக்கணும்னு இருந்தேன். வீடியோல உங்க கார் லெஃப்ட்டுக்கு வந்தது காணலாம். பட்சே அன்னிக்கு உங்க நெட் விட்டு விட்டு வந்து, கார் சாடிச் சாடிக் குதிச்சுச்சு. கார் சாடினது நெட்டா, நீங்களான்னு எங்களுக்கு எங்ஙனெ தெரியும்? உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க பராதி இல்லன்னு எழுதிட்டீங்க. அப்ப நெட்டுன்னு வச்சோம்."

"நெட்டு இல்ல. நான்தான். சைடு குடுத்தேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வெகுநாள் வைத்திருந்ததை இறக்கி வைக்கிற சிரிப்பு.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா நீங்க எல்லாருக்கும் சைடு குடுக்குறீங்க. உங்க பின்னால வரும்போ நாங்க எல்லாம் உயிரைக் கையில பிடிச்சாணு வர்றது. அதுகொண்டாணு அத்தனை தள்ளிப் போறது. உங்க வயசு பாத்து இல்ல."

மரியாதை என்று நினைத்திருந்தது பயம். அந்த அடியை வாங்கிக்கொண்டேன்.

"வியாழக்கிழமை ஆறு மணி வரை ஃபாரம் திருத்தலாம்," என்றார். "சத்தியம் எழுதினா மதி. இனி பேஷன்ட்டுக்கு வாய் வலிக்கும்."

அன்று சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் கார் இடப்பக்கம் வந்துவிட்டது என்று எழுதினேன். டெஸ்ட் கிரவுண்டில் கண்ணைக் கசக்கின அம்மா நினைவுக்கு வந்தார். அழித்தேன். நீலக் கொடியைப் பார்த்த பதற்றத்தில் என்று ஆரம்பித்தேன். அதுவும் சாக்குத்தான். அதையும் அழித்தேன். நாலு வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் இப்படி இருந்தது.

ஒன்பதாம் வளைவில் பிரேக் பிடிக்கும் இடத்தில் நான் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். நெட் இல்லை, நான். ஆதிரா அதற்கு முன்பே உள்பக்கம் வந்துவிட்டாள், அவளுக்குப் போக வேறு வழி இல்லை. அவள் மேல் தவறு இல்லை, முழுத் தவறும் என்னுடையது. முதல் ஃபாரத்தில் இதை நான் மறைத்தேன்.

செல்வி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து வாசித்தாள். காப்பி கொண்டு வந்து வைத்தாள். நான் கேட்காமல் அவள் காப்பி வைப்பது அபூர்வம்.

8

தண்டனை இடம் மாறியது. ஆதிரா தன் இடத்தில் இருந்தே கிளம்பலாம். நான் எல்லாரும் போன பிறகு கடைசியாகக் கிளம்ப வேண்டும். எனக்கு அது தண்டனையே இல்லை, என் நிரந்தர விலாசம்.

கடைசி ரேஸில் எட்டாவது சுற்றில் கண்ணாடியில் இரண்டு கார் தெரிந்தது. முன்னால் ஆதிரா, ஒட்டினாற்போல் ஜிதின். நீலக் கொடி. அதே மாதிரி ஒரு நேர்சாலை, அதே மாதிரி இடப்பக்க வளைவு. இடது கை என் பேச்சைக் கேட்காமல் இழுத்தது. பெரியண்ணன் குரல் காதில் கேட்டது என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும், ஆனால் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்க ஓரத்தில் என் லைனில் நேராகப் போனேன். வேகத்தையும் குறைக்கவில்லை. எப்போதும் பிடிக்கிற இடத்தில் பிரேக் பிடித்தேன்.

அவள் கார் என் இடப்பக்கம் வந்தது. சுற்றி வளைத்து இல்லை, தள்ளி இல்லை. ஒரு முழம்தான் இடைவெளி இருக்கும். ஒரே வளைவில் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினோம். அந்த இரண்டு விநாடி நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பிறகு போய்விட்டாள்.

அந்த ரேஸை அவள் ஜெயித்தாள். பட்டம் கிடைக்கவில்லை. போன ரேஸில் சுவரில் விட்ட புள்ளிகள் விட்டதுதான். ஃபாரம் திருத்தினால் தண்டனை போகும், போன புள்ளி திரும்பி வராது. பட்டம் ஜிதினுக்கு. அவள் மைக்கில் அவனை வாழ்த்தினாள். அவன், "அண்ணாச்சி இன்னிக்கு லைன்லயே இருந்நல்லோ, தேங்க்ஸ்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டு சிரிக்கவில்லை. சிரித்து முடித்ததும், "தேங்க்ஸ்" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆதிரா வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மாசத்துக்கு ஒரு தடவைக்கு இன்னும் நாள் இருந்தது. செல்வி மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்திருந்தாள். ஸ்டீயரிங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதே மேசையில் சாப்பிட்டோம். சாப்பிடும்போது ஊரில் இருந்து போன் வந்தது. செல்வி பேசிவிட்டு வந்து சொன்னாள்.

"உங்க அண்ணனும் மதினியும் வெள்ளிக்கிழமை வாராங்களாம். கோயிலுக்கு. ரெண்டு நாள் இங்கதான்."

"வரட்டும், வரட்டும்," என்றேன். என் வாய் எப்போதும் சொல்கிற வார்த்தை.

ஆதிரா தட்டைப் பார்த்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"போன ரேஸ்ல பாத்தியாம்மா? லைனை விட்டு அசையாம நின்னேன்ல? ஃபாரமும் உள்ளது உள்ளபடி எழுதிட்டேன். ஆசான் எப்படி?"

"பெருமையப் பாரு," என்றாள் செல்வி.

ஆதிரா எழுந்து போய்க் கை கழுவினாள். துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு ஃபாரம்தான் அப்பா திருத்தினீங்க. கோயம்புத்தூர் ஃபாரம் அஞ்சு வருஷமா பெண்டிங். வெள்ளிக்கிழமை வர்றது அதை வாசிக்க வேண்டிய ஆளாக்கும், கேட்டோ."